டிஷ்வாஷரில் சோப்புப் படலம்: காரணம் கண்டுபிடித்துச் சுத்தம் செய்ய ஒரு முழு வழிகாட்டி

டிஷ்வாஷர் ஓடி முடிந்ததும் திறந்தால் கண்ணாடி டம்ளரில் வெள்ளையாக ஒரு படலம், எவர்சில்வர் தட்டில் வழவழப்பு, கதவின் உள்பக்கம் மாவு பூசியது போல ஒரு பூச்சு. இதைப் பார்த்ததும் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். அதே பாத்திரங்களை இன்னொரு தடவை ஓடவிடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பவுடரைக் கூட்டிப் போடுவார்கள். முதலாவதால் தண்ணீரும் கரண்டும் வீண். இரண்டாவது, படலத்தை இன்னும் கனமாக்கும்.

சென்னையில் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கிற அடுக்குமாடி வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கெட்டிலின் அடியிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு டிஷ்வாஷருக்குள்ளும் போகிறது. அங்கே அது தனியாக இருப்பதில்லை. பாத்திரத்திலிருந்து வந்த எண்ணெய், கரையாமல் நின்ற பவுடர் எல்லாவற்றோடும் சேர்ந்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்கிறது. அதனால் நாம் 'சோப்புக் கறை' என்று சொல்வதில் சோப்பு ஒரு பங்குதான். எண்ணெய்ப் பிசுக்குக் காரத்தில் போகும், சுண்ணாம்பு அமிலத்தில் போகும். இரண்டையும் தனித்தனியாக, முதலில் காரம் பிறகு அமிலம் என்ற வரிசையில் செய்தால் ஒரு மதிய நேரத்துக்குள் எந்திரம் பளிச்சென்று ஆகிவிடும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டச் சொல்லும் யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. அதைச் செய்யாதீர்கள். சேர்ந்த உடனே பொங்கும், பார்க்க வேலை நடப்பது மாதிரி இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைசல் மட்டுமே.

முதலில், இது என்ன படலம்?

சுத்தம் செய்ய ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். நன்றாகக் காய்ந்த ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரில் விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்து, லேசாக நுரைத்து, கழுவியதும் போய்விட்டால் அது அலசப்படாமல் நின்ற டிடர்ஜென்ட். தண்ணீர் பட்ட கணமே சுவடில்லாமல் கரைந்தால், தண்ணீரின் சுண்ணாம்பை நீக்க எந்திரத்தின் தொட்டியில் போடும் உப்பு கசிந்து பாத்திரத்தில் காய்ந்திருக்கலாம். உப்புத் தொட்டியின் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீருக்கு அசையவில்லை என்றால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சாறு பட்ட இடம் மட்டும் தெளிந்து வட்டமாகத் தெரிந்தால் சுண்ணாம்புப் படிவு. நம் ஊரில் பெரும்பாலும் இதுதான்.

எலுமிச்சைக்கும் போகவில்லையா? நம் சமையலுக்கே உரிய ஒரு வாய்ப்பு இருக்கிறது, மாவுச்சத்து. சாதம் வடித்த கஞ்சி, இட்லி மாவு, தோசை மாவு இவை குறைந்த சூட்டில் ஓடும்போது முழுதாகப் போகாமல் மெல்லிய சாம்பல் நிறப் படலமாகக் காயும். அச்சு அசலாகச் சோப்பு மாதிரியே தெரியும். முதலுதவிப் பெட்டியில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுத் தடவுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து என்று உறுதி. சோதித்த பாத்திரத்தை உடனே கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இந்தப் படலத்துக்கு அமிலம் தேவையில்லை. என்சைம் உள்ள டிடர்ஜென்ட் போட்டு நீளமான புரோகிராம் ஒன்றை ஓடவிட்டால் போதும்.

எதற்குமே அசையாமல், வெளிச்சத்தில் பிடித்தால் வானவில் நிறம் தட்டுகிறது, அல்லது கண்ணாடியே பனி படர்ந்து மங்கிவிட்டது என்றால் அது படலமே இல்லை. கண்ணாடியின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுவிட்டது. அதிகச் சூடு, அதிக டிடர்ஜென்ட், அளவுக்கு மீறி மென்மையாக்கிய (அதாவது சுண்ணாம்பு நீக்கிய) தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் இப்படி ஆகும். அந்த டம்ளரை மீட்க வழியில்லை, மற்ற டம்ளர்களைக் காப்பாற்றலாம்.

அலுமினியப் பாத்திரத்தில் கறுப்பும் சாம்பலுமாகத் தெரிவதும் சோப்பு இல்லை. டிடர்ஜென்ட்டின் காரம் அலுமினியத்தோடு வினைபுரிந்த அடையாளம் அது. அலுமினியக் குக்கர், வடைச்சட்டி, பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு எதையும் டிஷ்வாஷரில் வைக்காதீர்கள். அலுமினியத்திலிருந்து கழன்ற சாம்பல் பக்கத்துப் பாத்திரங்களிலும் ஒட்டும்.

நுரை பொங்கி வெளியே வந்துவிட்டால்

இது அவசரக் கேஸ் என்பதால் தனியாகச் சொல்கிறேன். கையால் பாத்திரம் தேய்க்கிற லிக்விடை டிஷ்வாஷரில் ஊற்றினால், அது ஒரு ஸ்பூன் என்றாலும், கதவு இடுக்கு வழியாக நுரை சமையலறைக்கு வந்துவிடும். அந்த லிக்விட் நுரைப்பதற்காகவே தயாரிக்கப்பட்டது. டிஷ்வாஷர் டிடர்ஜென்ட்டில் அதிகம் நுரைக்காத பொருட்களை மட்டும் சேர்ப்பார்கள். நுரை நிறைந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். பீய்ச்சும் வேகமும் போய்விடும், தண்ணீரை வெளியேற்றவும் முடியாது.

எந்திரத்தை உடனே நிறுத்துங்கள். பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் ஓட்டம் ரத்தாகி, தண்ணீரை வெளியேற்ற ஆரம்பிக்கும். கதவைத் திறந்து இருபது நிமிடம் அப்படியே விடுங்கள், பாதி நுரை தானாக அடங்கும். மீதியை மக்கில் அள்ளி, பழைய துண்டால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெயை உள்ளே அடியில் ஊற்றுங்கள். எண்ணெய் நுரைக் குமிழிகளை உடைக்கும். பிறகு ரின்ஸ் புரோகிராமை மட்டும் ஓடவிட்டு, சில நிமிடங்களில் திறந்து பாருங்கள். நுரை இருந்தால் ரத்து செய்து வெளியேற்றிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். ஊற்றிய எண்ணெய் பின்னால் சொல்லப்போகும் சூடான ஓட்டத்தில் போய்விடும்.

அதன் பிறகும் எந்திரம் ஓடாமல் பம்ப் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தால், நுரையும் தண்ணீரும் எந்திரத்துக்குக் கீழே இருக்கும் தட்டில் இறங்கியிருக்கும். அங்கே உள்ள மிதவை 'தண்ணீர் கசிகிறது' என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கனமான எந்திரத்தை நீங்களே சாய்க்க வேண்டாம்.

லிக்விடை யாரும் ஊற்றவில்லை, ஆனாலும் நுரை வருகிறதா? பாத்திரங்களைக் கையால் சோப்புப் போட்டு ஒரு முறை தேய்த்துவிட்டுப் பிறகு உள்ளே வைக்கும் பழக்கம் வீட்டில் இருக்கலாம். வேலைக்கு வருகிற அக்கா நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்வார். எச்சிலையும் மிச்சத்தையும் வழித்துப் போட்டு, வேண்டுமானால் வெறும் தண்ணீரில் அலசினால் போதும், சோப்பு வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

சுத்தம் செய்ய எடுத்துவைக்க வேண்டியவை

சிட்ரிக் ஆசிட் 150 கிராம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய டூத்பிரஷ் இரண்டு, பல் குத்தும் குச்சி, மெல்லிய துணி, ஒரு பக்கெட், ரப்பர் கையுறை, ஒரு டார்ச். கம்பி நார் வேண்டாம், அது ஃபில்டர் வலையையும் எவர்சில்வர் சுவரையும் கீறிவிடும். கீறிய இடத்தில் அழுக்கு இன்னும் சுலபமாகப் பிடிக்கும்.

கழிப்பறை கழுவும் ஆசிட், ப்ளீச் இரண்டையும் கிட்டத்திலேயே கொண்டுவராதீர்கள். இரண்டுமே எவர்சில்வரை அரிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ப்ளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும், சிட்ரிக் ஆசிட் உட்பட, குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது மூச்சை அடைக்கும்.

படி 1: ஃபில்டரும் அதற்குக் கீழே உள்ள குழியும்

எந்திரம் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள். கீழ்க் கூடையை வெளியே எடுத்தால் தரையின் நடுவில் வட்டமான ஃபில்டர் தெரியும். பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் உருளை வடிவ ஃபில்டர் வெளியே வரும். அதற்குக் கீழே இருக்கிற தட்டையான வலையையும் எடுத்துவிடுங்கள்.

நம் வீட்டு ஃபில்டரில் மாட்டுவது என்ன என்று பார்த்தாலே பாதி விஷயம் புரியும். கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்த் துருவல், புளிச் சக்கை, எலுமிச்சை விதை. அவற்றின் மேல் பழுப்பாக, தொட்டால் சளி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதுதான் எண்ணெயும் டிடர்ஜென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த கலவை. ஃபில்டர் இப்படி அடைத்திருந்தால் அழுக்குத் தண்ணீர்தான் மறுபடி மறுபடி பாத்திரத்தின் மேல் அடிக்கும். வெளியே எவ்வளவு நல்ல டிடர்ஜென்ட் வாங்கினாலும் பயன் இருக்காது.

கை பொறுக்கும் வெந்நீரில் இரண்டு சொட்டு பாத்திர லிக்விட் விட்டு ஃபில்டரைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். டூத்பிரஷால் வலையின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். வெளியிலிருந்து தேய்த்தால் அழுக்கு வலைக்குள் இன்னும் அழுந்தும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு துளையும் தெரிய வேண்டும். பிறகு லிக்விடின் சுவடே இல்லாமல் ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.

ஃபில்டர் இருந்த குழியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டுதான் கை விட வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு, பல் குத்தும் குச்சி, எலும்புத் துணுக்கு இங்கேதான் போய்ச் சேரும். தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, குழியின் சுவரையும் துடைத்துவிடுங்கள்.

படி 2: தண்ணீர் பீய்ச்சும் கைகள்

கீழ்க் கை பெரும்பாலும் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். மேல் கையைக் கூடையின் அடியில் ஒரு மரை பிடித்திருக்கும், அதைத் திருகிக் கழற்ற வேண்டும். எந்தப் பக்கம் திருகுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதனால் பலம் கொடுக்காமல் இரண்டு பக்கமும் மெதுவாக முயன்று பாருங்கள்.

கழற்றிய கையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் விதையோ சுண்ணாம்புத் துணுக்கோ சிக்கியிருக்கிறது. துளைகளைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். ஊசியாலோ ஊக்காலோ குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது, பீய்ச்சும் கோணம் மாறிவிடும். பிறகு ஒரு பக்கெட்டில் நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, கழற்றிய கைகளை அதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். குட்டிக் குட்டிக் குமிழ்கள் கிளம்பினால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். குழாய்க்கு நேராக ஒரு முனையைப் பிடித்தால் எல்லாத் துளைகளிலும் தண்ணீர் வர வேண்டும்.

அந்த பக்கெட்டை மார்பிள், கடப்பாக்கல், மொசைக் தரையில் வைக்காதீர்கள், சிந்தினால் அமிலம் கல்லின் பளபளப்பைத் தின்றுவிடும். மூன்றிலுமே இருப்பது சுண்ணாம்பு.

படி 3: பவுடர் போடும் பெட்டி

கதவின் உள்பக்கம் உள்ள பெட்டியில் பவுடர் கட்டியாகி நிற்கிறதா? கத்தியால் சுரண்டாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் வைத்தால் தானாக இளகும். மூடியின் விளிம்பில் இருக்கும் ரப்பரையும், மூடியை விடுவிக்கும் சின்னக் கொக்கியையும் டூத்பிரஷால் சுத்தம் செய்யுங்கள்.

பவுடர் ஏன் கட்டியாகிறது என்று யோசிக்க வேண்டும். ஈரப் பெட்டியில் பவுடரைப் போட்டால் ஓட்டம் தொடங்கும் முன்பே அது கெட்டிப்படும். போடும் முன் காய்ந்த துணியால் துடையுங்கள். கடல்காற்று அடிக்கும் ஊரில் பவுடர் பாக்கெட்டைத் திறந்தே வைத்தாலும் இதே கதிதான், இறுக்கமாக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள். இன்னொரு காரணம், கீழ்க் கூடையின் முன்வரிசையில் உயரமான தாம்பாளமோ கட்டிங் போர்டோ நின்று பெட்டியின் மூடியை மறித்துக்கொள்வது. மூடி முழுதாகத் திறக்காமல் பவுடர் பாதி உள்ளேயே தங்கி, கடைசி அலசலின்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பாத்திரத்தில் படியும். காலையில் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தெரிவது அதுதான்.

படி 4: கதவு ஓரங்கள்

தண்ணீர் பீய்ச்சாத இடம் ஒன்று உண்டு, கதவின் கீழ் விளிம்பும் அதற்கு எதிரே எந்திரத்தின் உதடும். அங்கே துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். கறுப்பும் மஞ்சளுமாக வருவதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரலால் விரித்து, லிக்விட் தொட்ட ஈரத் துணியால் துடைத்து, மறுபடி வெறும் ஈரத் துணியால் சோப்பு போகத் துடையுங்கள்.

படி 5: சூடான ஓட்டம், எண்ணெய்க்கு

எல்லாப் பாகங்களையும் மாட்டுங்கள். ஃபில்டர் சரியாகப் பூட்டியிருக்க வேண்டும், மேல் கீழ்க் கைகளை விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். காலி எந்திரத்தில் வழக்கமான அளவு டிஷ்வாஷர் பவுடரைப் போட்டு, இருப்பதிலேயே அதிகச் சூடான புரோகிராமை ஓடவிடுங்கள். பொதுவாக 65 முதல் 70 டிகிரி. பவுடரில் உள்ள காரம் அந்தச் சூட்டில் குழாய்களுக்குள்ளும் பம்ப்புக்குள்ளும் இருக்கும் எண்ணெய்ப் பூச்சை இளக்கிக் கொண்டுபோகும்.

இந்தப் படியைத் தாண்டி நேரே சிட்ரிக் ஆசிடுக்குப் போகாதீர்கள். எண்ணெய் மேலே மூடியிருந்தால் அமிலம் கீழே உள்ள சுண்ணாம்பைத் தொடவே முடியாது.

படி 6: சிட்ரிக் ஆசிட் ஓட்டம், சுண்ணாம்புக்கு

இங்கே இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன.

முதலாவது, எப்போது போடுவது. பல புரோகிராம்களில் முதலில் வரும் தண்ணீர் சும்மா முன்னலசலுக்கு, சில நிமிடங்களில் அதை வெளியே தள்ளிவிடும். ஆரம்பத்திலேயே எந்திரத்தின் தரையில் சிட்ரிக் ஆசிடைக் கொட்டினால் முக்கால்வாசி அதோடு சாக்கடைக்குப் போய்விடும். அதனால் எந்திரத்தைக் காலியாக ஓடவிட்டு, முதல் தண்ணீர் வெளியேறும் சத்தம் கேட்கும்வரை காத்திருங்கள். இரண்டாவது தண்ணீர் பிடித்ததும் நிறுத்தி, கதவை மெதுவாகத் திறந்து, 80 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிடை அடியில் தூவுங்கள். மேசைக்கரண்டியில் குவிக்காமல் எடுத்தால் ஆறேழு வரும். கதவை மூடித் தொடரவிடுங்கள். முன்னலசல் இல்லாத புரோகிராம் என்றால் ஆரம்பத்திலேயே போடலாம். கூடவே டிடர்ஜென்ட் எதுவும் போடக் கூடாது.

இரண்டாவது, சூடு. 'எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது' என்பது சிட்ரிக் ஆசிடுக்குப் பொருந்தாது. சுண்ணாம்பு நிறைய இருக்கும் இடத்தில் அதிகமாகச் சூடாக்கினால் கால்சியம் சிட்ரேட் என்ற பொருள் உண்டாகிறது. மற்ற பல உப்புகளுக்கு நேர்மாறாக, அது சூடு ஏற ஏறக் கரைவது குறைந்து, வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு படிவை எடுக்கப்போய் இன்னொன்றைப் பூசிய மாதிரி ஆகும். 45 முதல் 50 டிகிரி புரோகிராம்தான் சரி. எக்கோ புரோகிராம் பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் ஓடும். நடுவில் ஒரு முறை நிறுத்தி அரை மணி நேரம் விட்டுத் தொடர்ந்தால் ஹீட்டரில் உள்ள தடித்த படிவும் கரைய நேரம் கிடைக்கும்.

ஒரு கப் வினிகர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எந்திரம் ஒரு தடவை பிடிக்கும் தண்ணீர் சுமார் 3 முதல் 4 லிட்டர். சமையல் வினிகரில் அமிலம் 5 சதவீத அளவுதான் இருக்கும், ஆக 200 மில்லியில் 10 கிராம். 100 கிராம் சிட்ரிக் ஆசிடுக்குப் பக்கத்தில்கூட அது வராது. அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்களும் கெட்டுப்போகும்.

முடிந்ததும் காலி எந்திரத்தில் வெறும் ரின்ஸ் ஒன்று ஓடவிடுங்கள். கதவை அரை மணி நேரம் திறந்து வைத்துக் காயவிட்டு, உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் மறுநாள் ஆறாவது படியை மட்டும் இன்னொரு முறை செய்யலாம். பல மாதமாகக் கவனிக்காத எந்திரத்துக்கு அது தேவைப்படும்.

திரும்ப வராமல் இருக்க: உப்பு

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான். மேலே சொன்ன ஆறு படிகளையும் அருமையாகச் செய்துவிட்டு இதை விட்டுவிட்டால் சில வாரங்களில் பழைய கதைதான்.

எந்திரத்தின் அடியில், ஃபில்டருக்குப் பக்கத்தில், திருகு மூடியோடு ஒரு தொட்டி இருக்கும். அதில் போடும் உப்பு பாத்திரத்தைக் கழுவுவதற்கு இல்லை. எந்திரத்துக்குள் சின்னச் சின்னப் பிசின் மணிகள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. உள்ளே வரும் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் அவற்றை அலசி மறுபடி தயார்படுத்தும். உப்பு தீர்ந்தால் இந்தச் சுழற்சி நிற்கிறது, சுண்ணாம்பு நேரே உள்ளே வருகிறது.

சமையலுக்கு வைத்திருக்கும் தூள் உப்பைப் போடாதீர்கள். அயோடினும் கட்டியாகாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் அதில் இருக்கும், பொடி நைசாக இருப்பதால் அடைத்தும்விடும். கல் உப்பில் மண்ணும் மக்னீசியமும் கலந்திருக்கும். டிஷ்வாஷர் உப்பு என்றே தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். முதல்முறை நிரப்பும்போது தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு உப்பைப் போட வேண்டும். ஓரத்தில் சிந்திய உப்பு எவர்சில்வரை அரிக்கும் என்பதால், நிரப்பிய உடனே ஒரு ஓட்டம் ஓடவிடுங்கள்.

உப்புப் போட்டால் மட்டும் போதாது, தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்பதையும் எந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். எந்திரத்தைப் பொருத்த வந்தவர் இந்த செட்டிங்கைத் தொடாமல் விட்டுப்போன வீடுகள் நிறைய. வாங்கும்போது அது நடுத்தர அளவில் இருக்கும், போர் தண்ணீருக்குப் போதாது. கடினத்தன்மையைச் சோதிக்கும் பட்டைகள் கிடைக்கின்றன, அல்லது குடியிருப்பில் செய்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரிதான் வேண்டும். டி.டி.எஸ். எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். கரைந்திருக்கும் எல்லா உப்பையும் அது சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. டிஷ்வாஷர் கையேடுகள் பெரும்பாலும் ஜெர்மன் டிகிரியில் பேசும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம். அறிக்கையில் உள்ள எண்ணை 17.8-ஆல் வகுத்துக் கிடைப்பதை கையேட்டில் உள்ள அட்டவணையில் பார்த்து செட்டிங்கை மாற்றுங்கள். உதாரணமாக 500 மில்லிகிராம் என்றால் 28 டிகிரி. 'உப்பு, ரின்ஸ் எய்ட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது' என்று விற்கும் மாத்திரைகள் பொதுவாக 21 டிகிரி வரைதான் தாங்கும் என்று கையேடுகளே சொல்கின்றன, அதாவது சுமார் 375 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால் மாத்திரை போட்டாலும் உப்புத் தனியாகப் போட்டே ஆக வேண்டும். எந்திரத்தின் உச்ச அளவையும் தாண்டிய தண்ணீர் என்றால் குழாய் வழியில் தண்ணீரை மென்மையாக்கும் தனி சாஃப்ட்னர் வைப்பதுதான் தீர்வு.

டிடர்ஜென்ட், ரின்ஸ் எய்ட், அழுத்தம்

முன்பெல்லாம் இந்த வெள்ளைப் படலம் இவ்வளவு தொந்தரவு கொடுக்கவில்லை என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்வது சரிதான். அப்போது டிஷ்வாஷர் டிடர்ஜென்ட்டில் பாஸ்பேட் சேர்ப்பார்கள், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டு வைக்கும். ஏரி, குளங்களில் பாசி பெருகக் காரணமாகிறது என்று அமெரிக்காவில் பல மாநிலங்கள் 2010-இல் அதைக் கட்டுப்படுத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் கட்டுப்பாடு வந்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அந்த வேலையை இப்போது சிட்ரேட் போன்ற பொருட்கள் செய்கின்றன, ஆனால் அவற்றுக்கு மென்மையான தண்ணீரின் துணை வேண்டும்.

பவுடர் அளவைப் பாக்கெட்டில் சொன்னபடி போடுங்கள், பெரும்பாலும் 20 முதல் 25 கிராம். பாதி நிறைந்த கூடைக்கு அதையும் குறைக்கலாம். அரை மணி நேர விரைவு புரோகிராமில் மாத்திரை முழுதாகக் கரையாது, அதற்குப் பவுடர்தான் நல்லது.

ரின்ஸ் எய்ட் தண்ணீரைச் சொட்டாக நிற்கவிடாமல் வழிந்தோடச் செய்யும். டம்ளரில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அதன் அளவை ஒன்று கூட்டுங்கள். நீலம் பாய்ந்த கோடுகளோ பிசுபிசுப்போ இருந்தால் ஒன்று குறையுங்கள். நிரப்பும்போது வெளியே சிந்தியதைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நுரைக்கும்.

மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் கவனிக்க ஒரு விஷயம். மொட்டைமாடி டேங்கிலிருந்து 10 மீட்டர் இறங்கினால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். டேங்கிற்கு நேர் கீழே உள்ள வீட்டில் மூன்று மீட்டர்தான் இறக்கம், அதாவது 0.3 பார். பல எந்திரங்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் கேட்கும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் பிடிக்கவே திணறும், சில சமயம் பாதியில் பிழை காட்டி நின்று சோப்பை அலசாமல் விட்டுவிடும். பிளம்பரிடம் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் சின்னதாக ஒரு பூஸ்டர் பம்ப் போதும். தரைத்தளத்திலேயே தண்ணீர் மெதுவாக வருகிறது என்றால், குழாயை மூடிவிட்டு எந்திரத்துக்குத் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றி அதன் வாயில் உள்ள சின்ன வலையைப் பாருங்கள். லாரித் தண்ணீரின் வண்டல் அதில் அடைத்திருக்கும்.

அழுக்குத் தண்ணீர் வெளியேறும் ஹோஸையும் ஒரு முறை பாருங்கள். தரையோடு தரையாகப் போட்டுச் சாக்கடைத் துளையில் செருகியிருந்தால் எந்திரம் பிடித்த தண்ணீர் தானாகவே வெளியே உறிஞ்சப்படலாம், கழுவிய தண்ணீர் திரும்ப உள்ளே வரவும் வாய்ப்புண்டு. கையேட்டில் சொன்ன உயரத்துக்கு அதைத் தூக்கி வளைத்துக் கட்ட வேண்டும்.

தினமும் ஓடும் எந்திரத்துக்கு ஃபில்டர் கழுவல் வாரம் ஒரு முறை. கைகளைக் கழற்றிப் பார்ப்பது மாதம் ஒரு முறை. ஐந்தாவது, ஆறாவது படி ஓட்டங்கள் போர் தண்ணீர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டில் நான்கு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

இத்தனைக்குப் பிறகும் போகவில்லை என்றால்

பிரதான கழுவல் தொடங்கி அரை மணி நேரத்தில் எந்திரத்தை நிறுத்தி, ஆவி முகத்தில் அடிக்காதபடி மெதுவாகத் திறந்து பாருங்கள். உள்சுவர் நன்றாகச் சுட வேண்டும். குழாய்த் தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் ஹீட்டரோ அதன் ரிலேயோ போயிருக்கும். சூடு இல்லாமல் எந்த டிடர்ஜென்ட்டும் சரியாக வேலை செய்யாது. சூடு சரியாக இருந்து, உப்பு நிறைந்து, செட்டிங்கும் சரியாக இருந்தும் சுண்ணாம்பு படிகிறது என்றால் மென்மையாக்கும் பகுதியின் வால்வு அடைத்திருக்கலாம், அல்லது பிசின் மணிகள் இரும்புச்சத்து ஏறிக் கெட்டிருக்கலாம். உப்பு மாதக்கணக்கில் குறையவே இல்லை என்பது வால்வு வேலை செய்யவில்லை என்பதற்கு நல்ல அடையாளம்.

சர்வீஸுக்கு ஆள் வரும்போது 'பாத்திரம் சரியாகக் கழுவவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எலுமிச்சைச் சோதனையில் என்ன தெரிந்தது, தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு, செட்டிங் எந்த எண்ணில் இருக்கிறது, கடைசியாக உப்பு எப்போது போட்டீர்கள் என்ற நாலு தகவலையும் கொடுங்கள். படலம் படிந்த டம்ளர் ஒன்றைக் கழுவாமல் எடுத்துவைத்திருந்து காட்டுங்கள். பாகத்தை மாற்றிய பிறகு ஒரு முழு ஓட்டம் ஓடவிட்டு, அவர் கிளம்பும் முன் டம்ளர் காய்ந்ததும் இருவருமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.